டிவி விவாதங்களிலும் அரசியல் பேச்சிலும் வரும் லாஜிக் ஓட்டைகளைச் சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியப்பாவிடம் தோற்றுவிட்டு வந்து கேட்கிறீர்கள் போல. தர்க்கப் பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், சண்டையில் ஒன்றுக்கும் ஆகாது.

குன்னூர்ப் பக்கம் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறேன், கொஞ்சம் டீத்தோட்டமும் உண்டு. 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, அதாவது வெளியூர் வண்டிகள் மலையேற ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதி. அந்த சீசனில் எனக்கும் அடிதான். வியாபாரிகள் கூட்டத்தில் ஒரே பேச்சு: "இ-பாஸ் வந்துச்சு, பொழப்பு போச்சு." காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த வருஷம் பாஸுக்கு உச்சவரம்பே கிடையாது, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. அதே மாதம் 18 முதல் 20 வரை கனமழை எச்சரிக்கை. வருவதைத் தவிர்க்கச் சொன்னதே மாவட்ட நிர்வாகம்தான். மழையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மழையை எதிர்த்துக் கடையடைப்பு நடத்த முடியாதே!

"வரம்பே இல்லாத பாஸ் எப்படிங்ண்ணா ஆளைத் தடுக்கும்?" என்றேன்.

"உனக்கென்னப்பா, தோட்டம் இருக்கு, பேசுவே."

என் தோட்டத்துக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? பதில் கேள்வியை விட்டு ஆள்மேல் பாயும் இந்த இடத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். இன்னொருவர், பாஸ் எடுக்க ஓடிபி வராமல் மலையடிவாரக் கல்லாறு செக்போஸ்ட்டில் தவித்தவர்களைச் சொன்னார். அது வாதம், ஒப்புக்கொண்டேன். எத்தனை பேர் என்றதற்குத்தான் பதில் இல்லை.

உடனே 'இ-பாஸ் ஆதரவாளன்' என்று கமெண்ட் போட வராதீர்கள். பாஸை ஆதரிக்கும் எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. 2025 ஏப்ரலில்தான் நிஜமான வரம்பு வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. மலை எவ்வளவு தாங்கும் என்ற ஆய்வு ஐஐடி, ஐஐஎம் கையில் இருக்கும்போதே வந்த இடைக்கால எண் அது. ஏன் 6,000, ஏன் 7,000 இல்லை என்று கேட்டுப் பாருங்கள், "அப்போ காடு அழியட்டும்கிறீங்களா?" என்பார்கள். நான் எண்ணைக் கேட்டேன், காட்டை அழிக்கச் சொல்லவில்லை.

இவ்வளவு பேசுகிற சேனல்கள் பச்சைத் தேயிலை விலையைத் தொடுவதே இல்லை. குன்னூர் டீத்தூள் ஏலத்தில் விலை இறங்கினால் எங்கள் இலைக்கு உடனே வெட்டு. கடையில் டீத்தூள் பாக்கெட் விலை இறங்கி நான் பார்த்ததில்லை. இதை ஒரு விவாதமாக வையுங்கள் என்று மலர்க் கண்காட்சி எடுக்க வந்த நிருபரிடம் கேட்டேன். "விஷுவல் இல்லைங்க சார்" என்றார்.