டாக்டருக்குப் படிக்க மாட்டேன், திசுப் பொறியியல்தான் என்கிறாள் மகள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் அம்மா ஒருவருக்குப் பதில்

அக்கா, வணக்கம்.

உங்கள் குரல் பதிவைக் கேட்டேன். மகள் டாக்டராவாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தாயிற்று, இப்போது ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிவு வரும் நேரத்தில் நண்டு ஓடு, பட்டு நூல், ஸ்டெம் செல் என்று ஏதேதோ பேசுகிறாள் என்று வருத்தப்பட்டீர்கள். அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு வீணாகிவிடுமோ என்ற பயமும் தெரிந்தது. முதலில் அவள் பேசுவது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போன தோல், குருத்தெலும்பு போன்ற உடல் திசுக்களைச் செல்களைக் கொண்டு புதிதாக வளர்க்கும் துறைதான் திசுப் பொறியியல். அதைத் தெரிந்துகொள்ளாமல் சம்மதிப்பதும் சரியில்லை, மறுப்பதும் சரியில்லை.

தீக்காயத்தில் தோல் ஆழமாகப் போய்விட்டால் அது தானாக நன்றாக வளராது. ஸ்டெம் செல்லை, அதாவது வெவ்வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை, எடுத்து ஊசியில் ஏற்றினால் போதாதா என்று தோன்றும். வெறும் செல்லை உள்ளே விட்டால் பெரும்பகுதி நிலைக்காமல் சிதறிப் போகும், செத்தும் போகும். பாகற்கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அப்படி செல் பற்றிப் படர ஒரு தாங்கி வேண்டும். அதைத்தான் இயற்கைப் பொருள்களால் செய்கிறார்கள்: மாட்டுத்தோல், மீன்தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதம், இறால் நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான், பழுப்புக் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட், இரத்தத்திலிருந்து ஃபைப்ரின். நம் எலும்பிலும் தோலிலும் ஏற்கெனவே கொலாஜன் இருப்பதால் செல்களுக்கு அதைப் பற்றிக்கொள்ளத் தெரியும். செல் வளர்ந்து தனக்கான திசுவை உண்டாக்கிக்கொள்ளும்போது தாங்கி மெல்லக் கரைந்துவிட வேண்டும். சீக்கிரம் கரைந்தால் திசு சரியும், கரையாமல் கிடந்தால் உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கும்.

இதில் உங்கள் மகளைப் பிடித்திழுத்த விஷயம் எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. தாங்கி சும்மா தாங்குவதில்லை, செல்லுக்கு வழியும் காட்டுகிறது. 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எங்லர், டிஷர் குழுவினர் ஒரே வகை ஸ்டெம் செல்லை வெவ்வேறு கெட்டித்தன்மை உள்ள பரப்புகளில் வளர்த்தார்கள். மூளை போல மெத்தென்ற பரப்பில் அவை நரம்புச் செல் போல நீண்டன, தசையளவு இறுக்கத்தில் தசை வழியில் போயின, அதைவிடக் கெட்டியான பரப்பில் எலும்பு வழியில் போயின. பதினேழு வயசுப் பிள்ளைக்கு இது மந்திரம் மாதிரி இருக்காதா? எனக்கே இருக்கிறது.

இது வெறும் ஆய்வுக்கூடக் கதையும் இல்லை. மாட்டுக் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருளையும் சேர்த்துச் செய்த இன்டெக்ரா என்ற செயற்கைத் தோலுக்கு அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே செராஸில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம், நோயாளியின் சொந்தச் செல்லையும் சொந்த இரத்தத்து ஃபைப்ரினையும் கொண்டு மைடெர்ம் என்ற தோலை உருவாக்கியிருக்கிறது. அதற்காக நாளைக்கே சிறுநீரகம் செய்து மாட்டிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல், குருத்தெலும்பு போன்ற எளிய திசுக்களில்தான் கை கொஞ்சம் பழகியிருக்கிறது. முழு உறுப்புக்கு உள்ளே இரத்தக்குழாய் ஓடவேண்டும், அது இன்னும் பெரிய தலைவலி.

மாடு என்றதும் முகம் சுளித்திருப்பீர்கள். இந்த நாட்டில் பன்றிப் பொருளுக்கும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் மீன், ஆட்டுத் தசைநாண் என்று மாற்று மூலங்களை இங்குள்ள ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு இந்தத் துறையில் வேலை உண்டு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். உண்மையைச் சொல்கிறேன் அக்கா: திசுப் பொறியியலாளர் தேவை என்று பட்டம் முடித்த கையோடு யாரும் கூப்பிட மாட்டார்கள். முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்த பிறகுதான் அந்த வாசல் சரியாகத் திறக்கும். இடையில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைக்கலாம், ஆனால் அது மானியம் இருக்கும்வரை ஓடும் ஒப்பந்த வேலை. ஆகவே முதல் பட்டம் அகலமாக இருக்கட்டும், அதை வைத்தே சோறு சாப்பிட முடிய வேண்டும். உயிர் மருத்துவப் பொறியியல் எடுத்தால் பினாங்கு, கூலிம் பக்கத்து மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு, பதிவு, தயாரிப்பு என்று வேலை உண்டு. 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம் வந்த பிறகு கருவிகளைப் பதிவு செய்யும் வேலை தெரிந்த ஆள் நிறுவனங்களுக்கு வேண்டியிருக்கிறது. உயிர் மருத்துவ அறிவியல் எடுத்தால் ஆய்வுக்கூடப் பக்கம் போகலாம். திசுவை நான்காம் ஆண்டு ஆய்வுத்திட்டமாக எடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் மேலே போவதை முடிவு செய்யலாம்.

இப்போது அவசரமானது ஆறாம் படிவப் பாடத் தேர்வு. ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் பெரும்பாலும் வேதியியல், கணிதத்தோடு உயிரியல் அல்லது இயற்பியல், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இயற்பியலை விட்டால் பொறியியல் வாசல் குறுகிவிடும், உயிரியலை விட்டால் மருத்துவமும் உயிர் மருத்துவ அறிவியலும் கைநழுவலாம். பள்ளியில் கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். ஆறாம் படிவத்துக்குப் பதிலாக அரசு நடத்தும் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதை விடாதீர்கள். எஸ்பிஎம்மில் பத்து ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று 2024-ல் அரசு அறிவித்ததை நினைவில் வையுங்கள்.

பணத்துக்கு அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் இருக்கிறது, முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளோடு விலக்கும் கேட்கலாம். ஸ்டெம் செல் நிபுணர் ஆக்குகிறோம் என்று ஆறு மாதச் சான்றிதழை விற்க வருபவர்களிடம் ஒரு வெள்ளி கூடக் கட்டாதீர்கள். தனியார் கல்லூரி என்றால் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான எம்கியூஏவின் அங்கீகாரம் உண்டா, பொறியியல் என்றால் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சு.

தோட்டத்து ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். தோல் செய்யப் படிக்கிறாள் என்று சொல்லுங்கள், போதும்.

முடிவு வந்த வாரம் சனிக்கிழமை மூவரும் வாருங்கள். மதிப்பெண் தாளோடு, அரசு உயர்கல்விச் சேர்க்கை விண்ணப்பமான யுபியுவுக்குப் பிள்ளை தானே எழுதிய விருப்பப் பட்டியலும் வேண்டும். அவள் அப்பாவையும் கட்டாயம் கூட்டி வாருங்கள், அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும்.