புது சிப்செட் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: ரைசன் ப்ராசஸர் போட்டு பிசி அசெம்பிள் செய்யப் பணம் சேர்த்துவிட்டேன். பி650 மதர்போர்டு வாங்கலாம் என்றால், நண்பர்கள் "பொறு, அடுத்த சிப்செட் வரட்டும், இன்னும் வேகமாக இருக்கும்" என்கிறார்கள். எட்டு மாதமாக இதே கதைதான். என்ன செய்யட்டும்?

பதில்: வாங்கிவிடுங்கள்.

சிப்செட் என்பது மதர்போர்டில் போர்ட்களைப் பார்த்துக்கொள்ளும் சிப். அது புதுசானால் பிசி வேகமாகும் என்ற நினைப்பு ஒரு காலத்தில் சரியாக இருந்தது. அப்போது ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி போர்டில் தனிச் சிப்பாக இருந்தது, அது மாறினால் வேகமும் மாறும். ஏஎம்டி அந்த வேலையை 2003-இல் அத்லான் 64 வந்தபோதே ப்ராசஸருக்குள் கொண்டுபோய்விட்டது, இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் அதையே செய்தது. இன்றைக்கு ராம், கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட், முதல் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) எல்லாம் நேராக ப்ராசஸரோடு பேசுகின்றன. சிப்செட்டுக்கு மிச்சம் இருப்பது யுஎஸ்பி, சாட்டா, நெட்வொர்க், கூடுதல் எம்.2 இவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள்: 2022-இல் வந்த பி650, 2024 செப்டம்பர் கடைசியில் வந்த எக்ஸ்870 இரண்டிலும் இருப்பது ப்ரோமொன்டரி 21 என்ற ஒரே சிப். எக்ஸ்870இ என்றால் அதே சிப் இரண்டு, ஒன்றன் வாலில் இன்னொன்றாக. போர்ட் எண்ணிக்கை கூடும், ஆனால் இரண்டு சிப்பும் சேர்ந்து ப்ராசஸரிடம் போக இருப்பது பிசிஐஇ 4.0 என்ற இணைப்பின் நான்கு லேன் (தகவல் போகும் தடங்கள்) மட்டும்தான், நொடிக்குச் சுமார் 8 ஜிபி, பி650-இலும் அதே அளவுதான். எக்ஸ்870-இல் கட்டாயமாகக் கிடைப்பவை யுஎஸ்பி4-உம் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு பிசிஐஇ 5.0-உம். அந்த யுஎஸ்பி4-ஐக் கூட சிப்செட் தருவதில்லை, போர்டில் தனியாக ஒட்டியிருக்கும் இன்னொரு சிப் தருகிறது. வேகமான வெளி எஸ்எஸ்டி, டாக் எல்லாம் வைத்து வீடியோ எடிட் செய்பவருக்கு அது பெரிய உதவி. கேம் விளையாடவும் கோடிங் செய்யவும் என்றால் அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள், பலன் கண்ணுக்குத் தெரியும்.

காத்திருந்து காத்திருந்து நானும் நொந்திருக்கிறேன். 2019 ஜூலையில் எக்ஸ்570 வந்தபோது போர்டு விலை கையைக் கடித்தது, சிப்செட் சூட்டைத் தணிக்கப் பெரும்பாலான போர்டுகளில் குட்டி ஃபேன் வேறு. சரி, பி550 வரட்டும் என்று இருந்தேன். அது வந்தது 2020 ஜூனில். நடுவில் ஊரடங்கு, வீட்டிலிருந்தே வேலை, பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டு. பி550 நல்ல சிப்செட்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழந்த பதினோரு மாதத்தை அது திருப்பித் தரவில்லை.

கேள்வி: எக்ஸ்870 போர்டு ஒன்றின் மேனுவலில், இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டு பாதி லேனில்தான் ஓடும் என்று போட்டிருக்கிறது. விலை கூடுதலான போர்டில் ஏன் இப்படி?

பதில்: மேனுவலை வாங்குவதற்கு முன்னாலேயே படித்தீர்களே, அதுதான் சரியான வழி. பெரும்பாலான ஏஎம்5 (பி650, எக்ஸ்870 போர்டுகளில் ப்ராசஸரைச் செருகும் சாக்கெட்) ப்ராசஸர்களில் மொத்தம் 28 லேன். நான்கு சிப்செட்டுக்கு, 16 கிராபிக்ஸுக்கு, நான்கு முதல் எம்.2-க்கு, பாக்கி நான்கு. பி650-இல் அந்த நான்கை இரண்டாவது எம்.2-க்கு விட முடிந்தது. எக்ஸ்870-இல் யுஎஸ்பி4 வந்து அதை எடுத்துக்கொள்கிறது, அதனால் இரண்டாவது எம்.2-க்கு சில போர்டுகளில் கிராபிக்ஸ் ஸ்லாட்டிலிருந்து கடன் வாங்குகிறார்கள். பிசிஐஇ 5.0 கார்டு எட்டு லேனில் ஓடினாலும் கேமில் பெரிதாகத் தெரியாது, 4.0 கார்டு என்றாலும் தாங்கும். மனசு கேட்கவில்லை என்றால் இரண்டாவது எஸ்எஸ்டியை சிப்செட் வழியாக வரும் எம்.2-இல் போடுங்கள்.

கேள்வி: இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ5, டிடிஆர்4 ராம் வைத்திருக்கிறேன். போர்டை மட்டும் இசட்890-க்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியாது. உங்களுடையது எல்ஜிஏ1700 சாக்கெட், இசட்890 எல்ஜிஏ1851. ப்ராசஸரும் மாற வேண்டும், ராமும் டிடிஆர்5 ஆக வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செலவு என்று தெரியும். அதற்குப் பதில் இருக்கிற போர்டிலேயே 13 அல்லது 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் போடலாம், ஆனால் முதலில் பயாஸை (போர்டைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) 2024 செப்டம்பருக்குப் பிந்தைய பதிப்புக்கு அப்டேட் செய்துவிடுங்கள். அந்த இரண்டு தலைமுறைகளில் பல மாடல்கள் அதிக வோல்டேஜால் பழுதானதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டது. அது உள்ளே போகாமல் புது ப்ராசஸரை ஓட்டாதீர்கள்.

புது சாக்கெட் வரப்போகிறது என்று நிறுவனமே சொல்லிவிட்டால் மட்டும் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. ஏஎம்5-க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதனால் இப்போது ஏஎம்5 எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

கேள்வி: பழைய ஸ்டாக் பி650 போர்டில் ரைசன் 9600எக்ஸ் போட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டு போச்சா?

பதில்: பதறாதீர்கள், பெரும்பாலும் பயாஸ் பழசு. பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்ஏடி32 ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் புது பயாஸைப் போட்டு, மேனுவல் சொல்லும் பெயரை ஃபைலுக்கு வைத்து, அதற்கென்று குறித்திருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் செருகி பட்டனை அழுத்துங்கள், ப்ராசஸர் இல்லாமலேயே அப்டேட் ஆகும். அந்தப் பட்டன் இல்லையென்றால் வாங்கிய கடையிலேயே கொடுத்து அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். அப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போது டிடிஆர்5 ராமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பவரை அணைத்துவிடாதீர்கள்.