மயிற்கொன்றை: கேட்டவையும் சொன்னவையும்

மலையகத்துத் தோட்டக்காரர்கள் மயிற்கொன்றை என்ற பூச்செடியைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பதுளைப் பக்கத்தில் இந்தச் செடியோடு முப்பது வருடமாக மல்லுக்கட்டி வருகிறேன்.

டீச்சர், கோயில் வாசல் செடியிலிருந்து விதை எடுத்து மூன்று முறை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. (பசறை)

விதையில் குறையில்லை தம்பி, அதன் தோல்தான் கல். தண்ணீர் உள்ளே போக வழியில்லை. நகவெட்டியால் ஓரத்தில், உள்வெளுப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் கீறுங்கள். முளை இருக்கும் கூர்முனையைத் தொட வேண்டாம். இரவு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். காலையில் சில விதைகள் உப்பிப் பளபளவென்று கிடக்கும். அவற்றை உடனே பையில் ஊன்றுங்கள். உப்பாதவற்றை எறிந்துவிடாமல் இன்னொரு முறை கீறுங்கள். கன்றைத் தவறணையில் (நாற்று வளர்க்கும் இடத்தில்) அதிக நாள் வைத்திருந்தால் வேர் பைக்குள் சுருண்டுவிடும்.

ஆளுயரம் வளர்ந்துவிட்டது, இலையும் பச்சைப் பசேல். பூ மட்டும் இல்லை. (ஹற்றன்)

தேயிலைக்கு வந்த உரத்தில் ஒரு பிடி இதற்கும் போட்டீர்கள், அப்படித்தானே? அதில் தழைச்சத்து அதிகம், இலைதான் வரும். நிறுத்துங்கள். லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) நிழல் விழாத இடமா என்றும் பாருங்கள். நாளில் பாதியாவது நேர் வெயில் வேண்டும். இது அமெரிக்க வெப்பநாட்டுச் செடி. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், பனிமூட்டம் வேறு. பதுளையைப் போல அங்கே பூக்காது.

கவ்வாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவதும்) அவசியம். பூ புதுத்துளிரின் நுனியில்தான் வரும். பூத்து ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய கைக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, தண்டில் இருக்கும் முள் மட்டும் கவனம்.

அவரைக் குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்குமா? (பண்டாரவளை)

சேர்க்காது. அந்தக் குடும்பத்தில் எல்லாம் அந்த வேலையைச் செய்வதில்லை. இதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சுகள் இருக்காது. மண்ணுக்கென்றால் முள்முருங்கை அல்லது கிளிரிசீடியா நடுங்கள். இதை அழகுக்கு வையுங்கள்: ஆரஞ்சு இதழுக்கு மஞ்சள் கரை, வெளியே நீட்டிய பத்துச் சிவப்புக் கேசரங்கள். போதாதா?

இலையையும் விதையையும் கஷாயம் வைக்கலாம் என்கிறார்களே? (மாத்தளை)

வேண்டாம் மகள். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. தென் அமெரிக்காவின் சுரினாமில் அடிமைப்பட்ட பெண்கள் கருவைக் கலைக்க இதன் விதையைப் பயன்படுத்தியதை அங்கே போய்ச் செடிகளையும் பூச்சிகளையும் வரைந்த மரியா சிபில்லா மெரியன் 1705 இலேயே எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகள் விதையை வாயில் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியாவில் வருமா? வராவிட்டால் ஹோட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதரைக் கொண்டுவந்து வைக்கலாமா?

முதலாவதற்கு: வராது. சனவரி உறைபனி ஒன்றே போதும், நுனி கருகிவிடும்.

இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது கோர்ஸ். அதுவும் அவரைக் குடும்பம்தான், ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்து நம் புல்வெளியைப் பிடித்துக்கொண்ட வில்லங்கம். வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அதைப் பிடுங்கி அழிக்கவே ஆட்கள் அங்கே பாடுபடுகிறார்கள். தேசியப் பூங்காவிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

விதைக்குக் காயை எப்போது பறிப்பது? (பசறைத் தம்பியே மறுபடியும்)

காய் பழுப்பானதும், வெடிக்குமுன். நல்ல வெயில் நாளில் காய் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர எறியும். ஒருநாள் மத்தியானம் எங்கள் தகரக் கூரையில் படபடவென்று சத்தம். பக்கத்து வீட்டுப் பையன் கல்லெறிகிறான் என்று நன்றாகத் திட்டிவிட்டேன். பிறகு முற்றத்தில் விதைகளைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. அவனுக்கு இரண்டு கன்று கொடுத்துச் சமாதானம் செய்தேன். இப்போது முற்றிய காய்களுக்குப் பழைய துணிப்பை கட்டிவிடுகிறேன்.