கோழிக்கறியைக் கழுவலாமா, கூடாதா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் மகள், கோழிக்கறியைக் கழுவவே கூடாது என்கிறாள். மஞ்சள், உப்பு போட்டு நாலு தண்ணீர் அலசாவிட்டால் மாமியாருக்கு மனசு ஆறாது. யார் சொல்வது சரி? (வாசகி, பல்லடம்)

பதில்: மகள் சொல்வது முக்கால்வாசி சரி. பச்சைக்கறியில் இருக்கும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் அலசினால் போகாது, வெந்தால்தான் சாகும். கறியின் உள்பக்கம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். குழாயடியில் அலசினால் தெறிக்கும் துளிகள் கொத்தமல்லிக்கட்டு, வெள்ளரிக்காய், கவிழ்த்து வைத்த தட்டு என்று போய் உட்காரும். அதையெல்லாம் நாம் கொதிக்கவைப்பதில்லையே! அமெரிக்க வேளாண்துறை 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் கிருமி இருந்தது. மஞ்சளும் உப்பும் கவுச்சி வாடைக்குச் சரி, கிருமிக்கு அவற்றை நம்பாதீர்கள்.

ஆனால் வெளிநாட்டு அறிவுரை, சுத்தம் செய்து குளிரூட்டிப் பாக்கெட்டில் வரும் கறிக்குச் சொன்னது. நம் கடைக்கறியில் ரத்தக்கட்டி, இறகுத் துணுக்கு, எலும்புத்தூள், சில நேரம் வெட்டுக்கட்டையின் சிராய்கூட இருக்கும். அப்படியே குழம்பில் போடச் சொல்ல மாட்டேன். அகலமான பாத்திரத்தில் முதலில் தண்ணீர், அப்புறம் கறி. கையை உள்ளேயே வைத்து மெதுவாக அலசுங்கள். குழாயைத் திறக்க வேண்டாம். தண்ணீரைச் சிங்க்கின் ஓட்டையை ஒட்டித் தாழ்வாக ஊற்றுங்கள். பிறகு பாத்திரம், சிங்க், குழாயின் திருகு, கை எல்லாவற்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். திருகைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: "அண்ணே, கழுவிக் கொடுத்திடுங்க" என்று கடையில் கேட்பது. அந்த வாளித் தண்ணீரில் காலையிலிருந்து எத்தனை கோழி முங்கியதோ! வேறொரு கோழியின் குடலில் இருந்தது உங்கள் கறிக்கு வந்துவிடும். ஈரக்கறியை எடை போட்டால் தண்ணீருக்கும் காசு. உரித்ததும் வாளியில் முக்காமல் வெட்டி, கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். இந்த வாளியைத் தட்டிக்கேட்க வேண்டிய உணவுப் பாதுகாப்புத் துறையினர், கடையின் 14 இலக்கப் பதிவு எண்ணைச் சுவரில் ஒட்டவைத்ததோடு போய்விட்டார்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் கேமராவோடு வருவார்கள், அவ்வளவுதான்.

வாங்கிய கறியை உடனே சமைக்காவிட்டால் மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் ரத்தத்தண்ணீர் தயிர்ப் பாத்திரத்தில் சொட்டும்.