கோடு வரை ஊற்றியும் மட்டம் இறங்குகிறதே?

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்குக் காதில் தொற்று. எடை 10 கிலோ. அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த பொடி மருந்து, 30 மி.லி. பாட்டில் தந்திருக்கிறார்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் மட்டம் இறங்கிவிடுகிறது. மறுபடி ஊற்றலாமா? காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாமா?

பதில்: ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். பொடிக்குள் அடைபட்டிருக்கும் காற்று நனைந்ததும் வெளியேறுவதால்தான் மட்டம் இறங்குகிறது. அப்படியே விட்டால் மருந்து கெட்டியாகி, ஒவ்வொரு வேளையும் அளவு கூடிப்போகும்.

முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் ஒட்டிய பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதியளவு ஊற்றிக் குலுக்குங்கள். மொத்தமாக ஊற்றினால் பொடி உருண்டை கட்டிக்கொள்ளும். முதல் சில வேளை மருந்து நீர்த்தும், கடைசி வேளைகளில் கெட்டியாகவும் போகும். நுரை அடங்கட்டும், பிறகு கோடு வரை நிரப்புங்கள். வெந்நீர் கூடவே கூடாது. வெப்பமும் ஈரமும் கிளாவுலனிக் அமிலத்தைச் சிதைத்துவிடும். அதனால்தான் இதைப் பொடியாகவே விற்கிறார்கள். கலந்ததை ஃப்ரிட்ஜில் 7 நாள் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். வேளைக்கு 5 மி.லி. வீதம் இரு வேளை என்றால் பாட்டில் மூன்றே நாளில் தீரும். அடுத்த பாட்டிலை அப்போது கலந்தால் போதும்.

லேபிளைக் கட்டாயம் பாருங்கள். 5 மி.லி.யில் 200 மி.கி. அமாக்ஸிசிலின் உள்ளதும் உண்டு, 400 மி.கி. உள்ளதும் உண்டு. காதுத் தொற்றுக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மி.கி. என்று எழுதுவது வழக்கம். உங்கள் மகனுக்குக் குறைந்தது 800 மி.கி., அதாவது வேளைக்கு 400. கடையில் பாட்டில் மாறிவிட்டால் அதே 5 மி.லி.யில் பாதி மருந்துதான் போகும். காய்ச்சல் விடாமல் இழுக்கிறதே என்று திகைக்கும் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். டீஸ்பூனை நம்பாமல், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, சாப்பிடத் தொடங்கும்போது கொடுங்கள். வயிறு அவ்வளவாகப் புரட்டாது.

காய்ச்சல் விட்டாலும் நிறுத்த வேண்டாம். இரண்டு வயதுக்குள் பொதுவாக 10 நாள் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிய நாள் கணக்கை முடியுங்கள். 48 முதல் 72 மணி நேரத்தில் வலியும் காய்ச்சலும் குறையவில்லை என்றால் திரும்பக் காட்டுங்கள். மலம் சற்று இளகுவது சகஜம். மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் உடம்பெங்கும் தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ அடுத்த வேளை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.