புது கார் எஞ்சினில் 'டிக் டிக்' சத்தம் ஏன் வருகிறது?

எஞ்சினுக்குள் ஏதோ ஒன்று சீரான தாளத்தில் தட்டும் சத்தம்தான் இது. வாங்கி இரண்டே மாதமான காரிலும் வரலாம். பல நேரம் அது கோளாறே இல்லை.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்து மூடும்போது தட்டும். வண்டி நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் (800 ஆர்பிஎம் ஐடில்) ஓடும்போது ஒரு இன்ஜெக்டர் சாதாரணமாக நிமிடத்துக்கு 400 முறை தெளிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் 1,200. தையல் மெஷின் ஓடுவதுபோல் மெல்லியதாக, எஞ்சின் சூடான பிறகும் கேட்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் கண்ணாடியை இறக்கினால் எதிரொலியில் பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

சிலிண்டருக்குள் காற்றை விட்டு, புகையை வெளியேற்றும் கதவுதான் வால்வு. அதன் சத்தம் வேறு. வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடைவெளி கூடினால், ஆரல்வாய்மொழிக் காற்றில் கொக்கி தளர்ந்த சன்னல் மாதிரி அடிக்கும். ஆயில் குறைந்தாலும் இதே கதைதான். அதனால் முதலில் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியை (டிப்ஸ்டிக்) பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் ஓட்டவே கூடாது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் பலமாகக் கேட்டு, சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் கசிவாக, அதாவது புகை போகும் குழாயின் இணைப்பில் கசிவாக இருக்கலாம். உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துவிடும். இங்கேதான் ஏமாறுவோம்: நாகர்கோவில் சர்வீஸ் சென்டர் போய்ச் சேர்வதற்குள் சத்தம் காணாமல் போயிருக்கும். மொபைலில் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் வண்டியை முந்தின ராத்திரியே அங்கே விட்டுவிடுங்கள்.

அப்புறம், கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகும் என்பார்கள். சத்தம் அமுங்கலாம், காரணம் அப்படியே இருக்கும், வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.