வாசகர் கேள்வி – பதில்: பதினைந்தாம் நாள் ஏன் நின்றுபோகிறது?

எடையைக் குறைப்பது எப்படி என்று கேட்டவர்களைவிட, தொடங்கியதை விடாமல் தொடர்வது எப்படி என்று கேட்டு எழுதியவர்களே இந்த மாதம் அதிகம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரக் கடிதங்கள் சிலவற்றுக்கு எங்கள் உணவியல், உடற்பயிற்சிக் குழு பதில் சொல்கிறது.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடை, இரவு இரண்டே சப்பாத்தி, சர்க்கரை அறவே கிடையாது என்று உறுதியாகத் தொடங்குகிறேன். பதினைந்து நாளில் நின்றுவிடுகிறது. இந்த வருடத்தில் இது நான்காவது தடவை. எனக்கு மனஉறுதி போதவில்லையா?
— வாசகி, குடியாத்தம்

மனஉறுதியைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. நான்கு முறை தொடங்கியவருக்கு அது நிறையவே இருக்கிறது. மூன்று பெரிய மாற்றங்களை ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொண்டதுதான் சிக்கல். ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் பத்து மணிக்காவது படுக்க வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அடுப்படியைத் துடைக்கவே பதினொன்று ஆகிற வீட்டில் அது நடக்காது. குறைந்த தூக்கத்தோடு பத்து நாள் தள்ளலாம். பிறகு பசி கூடும். வாயும் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும்தான் தேடும். வெறும் இரண்டு சப்பாத்தியோடு படுத்தவருக்கு நடுராத்திரியில் மிக்சர் டப்பா ஞாபகம் வருவது உடம்பின் இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முதல் இரண்டு வாரம் நடை மட்டும், அதுவும் பத்தே நிமிடம். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கடிகார நேரம் குறிக்க வேண்டாம். தினமும் தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் திரும்பாமல் அப்படியே நடப்பது நல்ல வழி. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் கை தானாகத் துடைப்பத்தை எடுத்துவிடும். அன்றைய நடை அத்தோடு போயிற்று. மூன்றாம் வாரம் பதினைந்து நிமிடம், ஐந்தாம் வாரம் இருபது என இரண்டு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்பதாம் வாரம் அரை மணி நேரத்துக்கு வந்துவிடுவீர்கள். வாரம் ஐந்து நாள் அரை மணி என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவும் அதுவே. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

சாப்பாட்டு மாற்றம் மூன்றாம் வாரத்தில் தொடங்கட்டும். முதலில் எதையும் குறைக்காமல் கூட்டுங்கள்: இரவில் ஒரு கிண்ணம் காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லையென்றால் ஒரு முட்டை. இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் இரண்டு சப்பாத்தி நிஜமாகவே போதும். சர்க்கரையை அடியோடு நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமான ஒன்று, நாள் கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்து வைப்பது. விருந்தாளி வருவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மழை கொட்டும். அன்றைக்கு மொட்டை மாடியிலோ கூடத்திலோ ஐந்து நிமிடம் நடங்கள், அல்லது நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். நாள்காட்டியில் தாராளமாக ஒரு கோடு போடலாம், அதுவும் கணக்கில் சேர்த்திதான். முழுக்க விட்டுப்போனால் மறுநாள் வழக்கமான அளவு மட்டும் போதும். விட்டதை ஈடுகட்ட இரண்டு மடங்கு நடப்பவர்களுக்குத்தான் கால் பிடித்துக்கொண்டு அடுத்த இரண்டு நாளும் போய்விடுகிறது. பெரும்பாலானவர்களின் ‘பதினைந்தாம் நாள்’ இப்படித்தான் வருகிறது.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கவனித்த ஓர் ஆய்வில் ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப்படி 254 நாள். நடுவே ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. உங்கள் பதினைந்து நாளும் பாதி வழிகூட இல்லை; அலுப்பாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப ஏழு மணி. உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட்டுவிட்டால் போதுமா?
— வாசகர், ஆம்பூர்

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை விடச் சொன்னால் இரண்டு ஞாயிறு தாங்கும், மூன்றாவது ஞாயிறு இரட்டிப்பாக உள்ளே போகும். விட வேண்டாம். ஒரு பிளேட்டோடு நிறுத்துங்கள். தயிர்ப் பச்சடியை முதலில் நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காய்த் தொக்கில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டுக் காயை மட்டும் எடுங்கள். காலையில் பட்டினி கிடந்துவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பசியில் அளவு நிற்காது.

கணக்குப் பார்க்க வேண்டியது மற்ற ஆறு நாளை. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் ஏறக்குறைய ஐந்து கிராம். நாளுக்கு 40 கிராம், ஆறு நாளில் 240 கிராம்: வாரத்துக்குக் கால் கிலோ சர்க்கரை டீயில் மட்டும் போகிறது. கூடவே சாயங்காலம் ஒரு போண்டாவும் இருந்தால் பிரியாணியை ஏன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டும்? டீக்கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து மாஸ்டரே கவனித்துக்கொள்வார்.

நேரத்தைத் துண்டு துண்டாக எடுங்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம், பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்பே விட்டு இறங்கிப் பத்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். சேர்த்து அரை மணி நேரம், பலன் குறையாது. உட்கார்ந்தே வேலை என்பதால் தசைக்கான பயிற்சியும் அவசியம். செவ்வாயும் வெள்ளியும் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருவது 10 முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் 10. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது 15. இந்த மூன்றையும் மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வு. எழும்போது முழங்கால்கள் உள்ளே சாயக் கூடாது, பாதத்தின் நேரே இருக்கட்டும். மூச்சை அடக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டாகக் கூட்டலாம்.

முதல் நாளே ஐம்பது தோப்புக்கரணம் போடுவது பெரிய தவறு. வலி அன்றைக்குத் தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி மூன்றாம் நாள்வரை படியிறங்க விடாது. அத்தோடு பயிற்சியே வெறுத்துப்போகும்.

ஒரு மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். எடை 71-லிருந்து 71-ஆகவே இருக்கிறது. எதற்காகத் தொடர வேண்டும்?
— வாசகி, சத்துவாச்சாரி

உங்கள் எடைக்கு 45 நிமிட நடையில் செலவாவது சுமார் 150 கலோரி. திரும்பும் வழியில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் அது அப்படியே ஈடாகிவிடும், மிச்சம்கூட இருக்கும். நடையால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மூட்டு எல்லாம் பலன் பெறும். எடையைக் குறைக்கிற வேலையைச் சமையலறைதான் செய்ய வேண்டும்.

முதலில் எண்ணெயைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி. அதை 20 மில்லிக்கு, அதாவது நான்கு டீஸ்பூனுக்குக் கொண்டுவந்தால் மாதத்துக்கு 2.4 லிட்டர் போதும். பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் ஊற்றினால் அளவு ஒருபோதும் பிடிபடாது. மாதத் தொடக்கத்திலேயே இரண்டரை லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, தாளிக்க ஸ்பூனைப் பயன்படுத்துங்கள்.

எடை பார்ப்பதிலும் முறை இருக்கிறது. வாரம் ஒரே நாள், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில், அதே மெஷினில், சமமான டைல்ஸ் தரையில் வைத்துப் பாருங்கள். பாயின் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் உடம்பில் நீர் தங்கி ஒன்றிரண்டு கிலோ கூடும். அதனால் நான்கு வாரச் சராசரியை முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடுங்கள். டேப்பும் எடுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் சுற்றளவு. நம்மவர்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எடை அசையாத மாதத்தில் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அது வெற்றிதான்.

மலச்சிக்கல், மாறாத அசதி, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு ஆகியவையும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மாதாமாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிறேன். 14 கிலோமீட்டர் நடை. வேறு பயிற்சி வேண்டுமா?
— வாசகர், போளூர்

வேண்டும். கிரிவலத்தை நிறுத்தாதீர்கள், அது உங்களுக்கு நல்ல இலக்கு. ஆனால் 29 நாள் சும்மா இருந்துவிட்டு வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்தால் குதிகாலும் முழங்காலும் ஒரு வாரம் பழி தீர்க்கும். வாரம் நான்கு நாள் இரண்டிரண்டு கிலோமீட்டர், ஞாயிறு மட்டும் ஐந்து நடந்து பாருங்கள். அடுத்த பௌர்ணமியிலேயே வித்தியாசம் தெரியும்.

சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறிவிட்டேன். சர்க்கரையும் எடையும் ஏன் இறங்கவில்லை?
— வாசகர், ஆரணி

கேழ்வரகு அருமையான தானியம்தான். நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அது பெயரளவுக்குத்தான். நார்ச்சத்தும் அதிகம். ஆனால் மாவுச்சத்து அரிசிக்குக் கொஞ்சமே குறைவு. நம் பக்கம் நொய் போட்டுக் கிண்டுவதால் அரிசியும் கூடவே வந்துவிடுகிறது. இன்னொன்று, களியை மெல்லாமல் விழுங்குவோம். வயிறு நிறைந்தது மூளைக்கு எட்ட இருபது நிமிடம் வரை ஆகும். அதற்குள் மூன்று உருண்டை இறங்கியிருக்கும். உங்கள் கைப்பிடி அளவு ஒரே உருண்டை, கடைந்த கீரை இரண்டு கரண்டி, கொள்ளு அல்லது பயறு ஒரு கிண்ணம் என்று மாற்றுங்கள். வேர்க்கடலைச் சட்னி இரண்டு ஸ்பூனோடு நிற்கட்டும்.

சித்திரை வெயிலில் வாக்கிங் நின்றால் ஆடி வரை நின்றுவிடுகிறது.
— வாசகி, காட்பாடி

வேலூர் வெயிலுக்கு என்று தனி அட்டவணை போடுங்கள். மே மாதம் ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஆறரைக்குள் வீட்டில் இருங்கள். சாயங்காலம் ஆறு மணி ஏமாற்றும்: கோட்டைப் பக்கமானாலும் தெருவானாலும் பகலில் குடித்த சூட்டைக் கல்லும் தாரும் அப்போதுதான் கக்கும். கிளம்பும் முன் ஒரு சொம்பு தண்ணீர், வந்ததும் நீர்மோர். தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிழல். கத்தரி நாட்களில் நடையைப் பாதியாக்கிக் கூடத்துக்குள் வைத்துக்கொண்டாலும் பழக்கம் அறுந்துபோகாது.

எனக்கு வயது 58, சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் நடந்தபோது இரண்டு முறை கை நடுங்கி வியர்த்துவிட்டது. பயத்தில் நிறுத்திவிட்டேன்.
— வாசகர், வாலாஜாபேட்டை

நீங்கள் நிறுத்தியது சரி. மாத்திரை அட்டையோடு உங்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்று நடையில் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அது அபூர்வம். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாக மாத்திரையை விடாதீர்கள்.

அதுவரை சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது நன்றாக மட்டுப்படுத்தும். பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைச் சிறு பொட்டலமாக வைத்திருங்கள். நடுக்கம் வந்தால் நடையை நிறுத்தி உட்கார்ந்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தடவை. சரியானதும் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஆற்காடு மக்கன் பேடாவை வாயில் போடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். வெறுங்காலில் நடக்க வேண்டாம், வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டார் போன் எண்ணையும் மாத்திரையின் பெயரையும் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.